நிலத்தடிச் சுரங்கத்தை மூடுவதற்குள் நாங்கள் பட்ட பாடு

எங்கள் நிலக்கரிச் சுரங்கத்தின் மூடல் சான்று சென்ற வாரம் கைக்கு வந்துவிட்டது. பெரிய நிம்மதிதான். ஆனாலும், நான்கு ஆண்டுப் பணியில் பாதிக் காலம் வரைபடக் குளறுபடிகளாலேயே வீணானதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

இயந்திரங்களை மேலேற்றியதும், பம்புகளை நிறுத்தியதும், கட்டடங்களை இடித்ததும் திட்டப்படியே நடந்தன. இறுதி வரைபடத்தை ஒப்படைத்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. காற்றோட்டக் குழியின் ஆயத்தொலைவுகள் பொருந்தவில்லை என்று ஒரே வரி எழுதி அலுவலர் கோப்பைத் திருப்பிவிட்டார். எதனோடு பொருந்தவில்லை என்று கேட்க இருமுறை நேரில் சென்று, நாள் முழுவதும் காத்திருந்து, வெறுங்கையோடு திரும்பினோம். கடைசியில் எங்கள் சர்வேயரே காரணத்தைக் கண்டுபிடித்தார். பழைய தாள்கள் சுரங்கத்துக்கென்றே அமைத்துக்கொண்ட அளவைக் கட்டத்திலும், புதியவை செயற்கைக்கோள் அளவீட்டிலும் வரையப்பட்டிருந்தன. இரண்டையும் பொருத்தும் கணக்கு கோப்பில் இல்லை. கீழே இறங்கி மறுபடி அளக்கலாம் என்றால், அடிமட்டத்தில் அதற்குள் நீர் ஏறியிருந்தது. ஆகவே, பம்பை நிறுத்துவதற்கு முன்பே எல்லா அளவுகளையும் சரிபார்த்துவிடுங்கள்.

வரைபடத்தில் அந்த அலுவலர் பிடிவாதம் காட்டியதை நான் குறை கூறமாட்டேன். காரணத்தைச் சொல்லாததுதான் குறை. 2002இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கியூகிரீக் சுரங்கத்துக்குள், கைவிடப்பட்ட பக்கத்துச் சுரங்கத்தின் நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து, 9 பேர் மூன்று நாட்களுக்கு மேல் உள்ளே சிக்கித் தவித்ததற்கு, பழைய சுரங்கத்தின் முழுமையற்ற வரைபடமே காரணம்.

குழியை நிரப்பும்போது அடியில் பெரிய கடினக் கற்களைத்தான் இட வேண்டும். வெறும் மண்ணைக் கொட்டினால் நீரோடு கரைந்து பக்கவாட்டுப் பாதைகளுக்குள் ஓடிவிடும்; மேலே போட்ட கான்கிரீட் மூடி அந்தரத்தில் நிற்கும். மூடியில் வாயு வெளியேற ஒரு குழாயும் கட்டாயம் வேண்டும். காற்றழுத்தம் குறையும் நாட்களில் உள்ளிருக்கும் மீத்தேன் மேலே வரும். அது காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்திருந்தால் ஒரு பொறியே போதும்.

எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது, பம்பை நிறுத்திய ஒன்பதாம் மாதத்தில், சரிவின் அடிவாரப் புதரிலிருந்து நீர் கசியத் தொடங்கியது. அங்கே பழைய சாய்வுப் பாதை ஒன்று இருந்ததாக, ஓய்வுபெற்ற தொழிலாளியான ஒரு பெரியவர்தான் சொன்னார். எங்கள் எந்தத் தாளிலும் அது இல்லை. அவரை முதலிலேயே கேட்காதது எங்கள் பிழை. ஊற்று நீர்போலத் தெளிவாக இருந்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து மேசைமேல் வைத்தேன். மறுநாள் காலையில் நீர் கலங்கி, அடியில் செங்காவி வண்டல் படிந்திருந்தது. நிலக்கரியோடு கலந்திருக்கும் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமத்திலிருந்து கரைந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகிவிட்டது. ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியும் இதே காரணத்தால் வீணாயிற்று. உலோக அளவு தெரிய வேண்டுமானால், மாதிரியை எடுத்த உடனேயே அதில் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும்.

காற்றுப் புகாதபடி புதைத்த சுண்ணாம்புக்கல் படுகையின் வழியாக, அமிலத்தன்மை கொண்ட அந்நீரைச் செலுத்தி, பிறகு வண்டல் குளத்தில் தேக்கினோம். காற்றுப் பட்டால் கல்லின்மேல் துரு மூடி, அமிலத்தை முறிக்கும் வேலை நின்றுவிடும் என்பதால், மூடிய களிமண்ணை மூன்று முறை பிரித்துப் போட வைத்தேன். இப்போது குளத்திலிருந்து வெளியேறும் நீரைப் புட்டியில் பிடித்து வைத்தால், மறுநாளும் அது தெளிவாகவே இருக்கிறது.