31-லிருந்து 64: டிபிஎம்எஸ் பேக்லாக்கை முடித்த விதம்

போன வியாழக்கிழமை டிபிஎம்எஸ் (தகவல்களை டேபிள்களாகச் சேமித்து நிர்வகிக்கும் டேட்டாபேஸ் பாடம்) அரியர் பேப்பரின் ரிசல்ட் வந்தது. 64 பெரிய மார்க் இல்லைதான், ஆனால் முதல் தடவை 31 வாங்கியவனுக்கு அது தீபாவளி.

முதல் தடவை நார்மலைசேஷனை, அதாவது ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி டேபிளைப் படிப்படியாகப் பிரிக்கும் முறையை, முழுக்க மனப்பாடம் செய்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதன் மூன்றாம் படியான 3என்எஃப் விளக்கம் சொல்வேன். கேள்வித்தாளில் ஒரு ஆஸ்பத்திரி டேபிளைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள், பேனா நகரவே இல்லை.

பெங்களூரு அல்சூரில் மாமாவுக்கு மளிகைக்கடை. ஞாயிறுகளில் கல்லாவில் நான்தான். சும்மா இருந்த நேரத்தில் கடன் நோட்டை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தேன். 'பருப்பு 1, எண்ணெய் 2' என்று ஒரே கட்டத்தில் இருந்ததை வரிக்கு ஒரு பொருளாக்கினால் 1என்எஃப். பில் எண், பொருள் எண் இரண்டும் சேர்ந்ததுதான் கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டுவது. பொருளின் பெயருக்குப் பொருள் எண் மட்டும் போதும், அதனால் தனி டேபிள், 2என்எஃப். போன் நம்பர் பில்லுக்குச் சொந்தமில்லை, வாங்கியவருக்குச் சொந்தம், அதையும் பிரித்தால் 3என்எஃப். அதே வேகத்தில் விலையையும் பொருள் டேபிளுக்குத் தள்ளிவிட்டேன். மாமா எட்டிப் பார்த்து, "ஏன்டா, போன மாசம் எடுத்த பருப்புக்கு இந்த மாச விலையா கேட்பேன்?" என்றார்.

அங்கேதான் புரிந்தது. விற்ற அன்றைய விலை பில் வரியிலேயே இருக்க வேண்டும். எது எதைச் சார்ந்தது என்பதை டேபிளை முறைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கடை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். கேள்வியின் மேலே, ஆஸ்பத்திரி எப்படி நடக்கிறது என்று சொல்லும் நாலு வரிக் கதையை நான் முதல் தடவை படிக்காமலே தாண்டியிருந்தேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாக:

- எஸ்க்யூஎல்லை (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழி) கையால் எழுதிப் பழகுங்கள், பேப்பரில் ஆட்டோகம்ப்ளீட் கிடையாது. அதில் 'வேர்' (WHERE) வரிகளை வடிகட்டும், 'ஹேவிங்' (HAVING) வரிகள் குரூப்பான பிறகு வடிகட்டும். இதில் எனக்குப் போனது 5 மார்க்.
- தகவலை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலைத் தந்தவர் எட்கர் காட், 1970. இவ்வளவு போதும், ஒரு பக்கம் கதை எழுத வேண்டாம்.
- இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட் பேப்பருக்கு நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து விதிகள், 1931. நம்ம சீர்காழிக்காரர், விட்டுவிடாதீர்கள்.
- குரூப் ஸ்டடி எனக்கு டீயும் பன்னுமாகவே முடிந்தது. உங்களுக்கு ஒத்துவந்தால் சரி.

இப்போது மாமா நோட்டு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்கிறார். அதில் 'மாடி வீட்டு அக்கா' என்று மூன்று பேர் இருக்கிறார்கள், ஒருவரை மட்டும் காட்டும் ப்ரைமரி கீக்கு எங்கே போவது?