நாலு ரேடியோ ஒரே நேரத்துல

ஒரு ராத்திரி ஸ்பீக்கர்ல பேஸ்மென்ட் ஜாக்ஸோட 'ரெமடி' ஆல்பத்தை ஓட விட்டிருந்தேன், மூணாவது பாட்டு போயிட்டிருந்துச்சு, அம்மா வந்து வாசப்படியில ஒரு நிமிஷம் நின்னு கேட்டுட்டு "என்னடா இது, நாலு ரேடியோவ ஒரே நேரத்துல போட்ட மாதிரி இருக்கு, கொஞ்சம் கம்மி பண்ணு"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. அம்மா குறையாதான் சொன்னாங்க, ஆனா அந்த ஆல்பத்தைப் பத்தி அதவிட சரியா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. அன்னிக்கு ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிட்டு முதல்லருந்து கடைசி வரைக்கும் மறுபடி கேட்டேன், அந்த நாலு ரேடியோவும் எங்கெங்கருந்து வருதுன்னு தேடிக்கிட்டே.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். பேஸ்மென்ட் ஜாக்ஸ்ங்கறது டான்ஸ் மியூசிக் பண்ற ஃபீலிக்ஸ் பக்ஸ்டன், சைமன் ராட்க்ளிஃப்னு ரெண்டு பேர். 1994ல தெற்கு லண்டன் பிரிக்ஸ்டன்ல ஆரம்பிச்சாங்க. அவங்க அந்தப் பக்கத்துல நடத்தின டான்ஸ் பார்ட்டியோட பேரும் அதேதான். அட்லாண்டிக் ஜாக்ஸ்னு சொந்தமா ஒரு லேபிள், அதாவது ரெக்கார்ட் கம்பெனி, வெச்சு பன்னெண்டு இன்ச் ரெக்கார்டா வெளியிட்டுட்டு இருந்தாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு 1999 மே மாசம் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் மூலமா முதல் ஆல்பம் வந்துச்சு, அதான் ரெமடி. பிரிட்டன் சார்ட்ல நாலாவது இடம் வரைக்கும் போச்சு.

இப்ப ரேடியோக்கு வரேன். பிரிக்ஸ்டன் எந்த மாதிரி ஊர்னு தெரிஞ்சாதான் இந்த ஆல்பம் புரியும்னு நான் நெனைக்கறேன். 1948ல விண்ட்ரஷ் கப்பல்ல ஜமைக்கா பக்கத்துலருந்து வந்து இறங்கினவங்கள்ல தங்க இடம் இல்லாத கொஞ்சம் பேரை கிளாப்பம்ல தரைக்கு அடியில இருந்த போர்க்கால பதுங்கு அறையில தங்க வெச்சாங்க, அங்கருந்து வேலை தேடி அவங்க போன லேபர் எக்ஸ்சேஞ்ச் பிரிக்ஸ்டன் கோல்ட்ஹார்பர் லேன்ல இருந்துச்சு. அப்படியே அந்தப் பக்கமே குடும்பம் குடும்பமா தங்கிட்டாங்க. அவங்களோட கூடவே ஜமைக்காவோட சவுண்ட் சிஸ்டம் பழக்கமும் வந்துச்சு, ஆள் உயர ஸ்பீக்கரை அடுக்கி வெச்சு ஒருத்தர் ரெக்கார்ட் போட இன்னொருத்தர் மைக்ல அது மேலயே பேசி பாடி ஆட்டுவிக்கறது. அதுக்கப்புறம் 80, 90கள்ல லண்டன் முழுக்க பைரேட் ரேடியோ, லைசென்ஸ் கிடையாது, அடுக்குமாடி மொட்டைமாடியில ஏரியலை கட்டி ராத்திரி பூரா ஒலிபரப்பு. டயலை கொஞ்சம் திருப்பினா ராக்கா (ஜமைக்கா பாணியில வேகமா பேசற மாதிரி பாடறது), இன்னும் கொஞ்சம் திருப்பினா ஜங்கிள், அப்புறம் சோல், அப்புறம் ஹவுஸ், எல்லாம் தனித்தனி இசை வகைங்க. ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல முள்ளு நின்னுச்சுன்னா ரெண்டும் சேர்ந்தே கேக்கும். அம்மா சொன்னது அதான்!

ரெமடியோட அடிப்படையே ஹவுஸ்தான், அதனால அது என்னன்னு கொஞ்சம் சொல்லணும். 80களோட ஆரம்பத்துல சிகாகோவுல வேர்ஹவுஸ்னு ஒரு கிளப், ஃப்ராங்கி நக்கிள்ஸ் அங்க டிஜே, அந்த கிளப் பேர்லருந்துதான் ஹவுஸ்ங்கற பேரே வந்துச்சுன்னு சொல்வாங்க. நியூயார்க்ல பாரடைஸ் கராஜ்னு இன்னொண்ணு, கராஜ்ங்கற வகைக்கு பேர் குடுத்தது அது. கறுப்பின மக்கள், லத்தீன் மக்கள், ஒருபால் ஈர்ப்பு உள்ளவங்க, வெளிய எங்கயும் நிம்மதியா ஆட முடியாதவங்க ஆடின இடங்க. இந்த இசையில எப்பவும் சந்தோஷத்துக்கு அடியில ஒரு ஏக்கம் இருக்கும், அது அங்கருந்து வந்ததுதான்.

ஹவுஸோட எலும்பு ரொம்ப சிம்பிள். கிக் டிரம், அதாவது அடியில டம்னு விழற பெரிய டிரம், ஒரு சுத்துக்கு நாலு தட்டு, நாலும் ஒரே பலத்துல, நிமிஷத்துக்கு சுமாரா 120லருந்து 130 தட்டு வரைக்கும். கேக்கறவங்க நிறைய பேர் இதத்தான் குறை சொல்வாங்க, டம் டம் டம் டம்னு ஒரே மாதிரி இருக்குன்னு. ஆனா அந்த தட்டு மாறாம நிக்கறதாலதான் அது மேல என்ன வேணா ஏத்தலாம். தாளம் போடற கை நிலையா இருந்தா பாடறவர் எவ்ளோ தூரம் வேணா போயிட்டு திரும்பி வரலாம் இல்லியா, அதே கதைதான். ரெமடி இந்த சுதந்திரத்தை அது வரைக்கும் நான் கேட்ட வேற எந்த டான்ஸ் ஆல்பத்தை விடவும் பேராசையோட பயன்படுத்திக்கிட்டது.

முதல் பாட்டு 'ராண்டேவூ'வயே எடுத்துக்கோங்க. ஸ்பெயின் பக்கத்து ஃபிளமெங்கோ மாதிரி ஒரு கிட்டார் விறுவிறுன்னு மீட்டிக்கிட்டே வரும், அதுக்கு பக்கத்துலயே வோகோடர் வழியா வர்ற இயந்திரக் குரல், மனுஷன் பாடறானா மெஷின் பாடுதான்னு தெரியாத குரல், அது காதலைப் பத்தி உருகுது. மரமும் கம்பியுமா இருக்கற கிட்டாரும் முழுக்க எலக்ட்ரானிக்கான குரலும் ஒண்ணா ஒட்டவே கூடாது, ஆனா கீழ கிக் ரெண்டையும் புடிச்சு நிறுத்துது. 'ஜம்ப் அண்ட் ஷவுட்'ல ஸ்லார்டா ஜான் ராக்கா குரல்ல மூச்சே விடாம அடிச்சு நொறுக்குவார், நேரா அந்த சவுண்ட் சிஸ்டம் மைக்லருந்து இறங்கி வந்த மாதிரி. (அம்மா வந்து நின்னது இந்தப் பாட்டுக்குதான்.) 'பிங்கோ பாங்கோ' லத்தீன் பித்தளை வாத்தியங்க ஊதற கொண்டாட்டம். 'சேம் ஓல்ட் ஷோ'ல 1979ல வந்த த செலக்டர்ங்கற ஸ்கா (ஜமைக்காவுல பொறந்த ஒரு இசை வகை) குழுவோட ஒரு பாட்டுலருந்து சாம்பிள், அதாவது ஒரு துண்டு, எடுத்திருக்காங்க, அந்தப் பழைய பாட்டே ரேடியோவுல எப்பவும் ஒரே மாதிரி நிகழ்ச்சியா வருதேன்னு புலம்பற பாட்டுதான். ரேடியோவைப் பத்தின பாட்டை வெட்டி இருபது வருஷம் கழிச்சு இன்னொரு டான்ஸ் பாட்டுக்குள்ள வெச்சிருக்காங்க. இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு புல்லரிச்சு போச்சு.

சாம்பிள்னா காப்பின்னு நெனைக்கறவங்க இருக்காங்க, அவங்களோட நான் நிறைய தடவை சண்டை போட்டிருக்கேன். பழைய பாட்டுலருந்து ஒரு துண்டை எடுத்து, வேகத்தை மாத்தி, சுருதியை ஏத்தி இறக்கி, இன்னொரு தாளத்துல உக்கார வெக்கும்போது அந்தத் துண்டோட அர்த்தமே மாறும், அதே சமயம் அந்தப் பழைய அறையோட எதிரொலி, அந்தக் காலத்து டேப்போட கரகரப்பு எல்லாம் ஒட்டிக்கிட்டே வரும். புதுசா வாசிச்சா அது வராது. அடுத்த ஆல்பம் 'ரூட்டி'ல (2001) கேரி நியூமன்ங்கற பிரிட்டிஷ் பாடகரோட குளிர்ந்த சிந்தசைஸர் துண்டை எடுத்து ராக் கச்சேரி மாதிரி கத்த வெச்சாங்களே, அதுவும் இதே வித்தைதான்.

'ரெட் அலர்ட்' பத்தி தனியா சொல்லியே ஆகணும். ஃபங்க் பேஸ்லைன் (அடியில ஓடற கனமான மெட்டு), ப்ளூ ஜேம்ஸ்ங்கற பாடகியோட குரல், பாட்டு சொல்றது அபாயச் சங்கு ஊதுது ஆனா பதறாதேன்னு. 1999ங்கறத ஞாபகம் வெச்சுக்கோங்க, 2000 பொறந்ததும் கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுடும்னு உலகமே நடுங்கிட்டு இருந்த வருஷம். நான் இதை ரொம்ப வருஷம் கழிச்சு, வேலை போய் வீட்ல உக்காந்திருந்த நாட்கள்லதான் ஒழுங்கா கேட்டேன். காலையில எழுந்ததும் நெஞ்சுல ஒரு கனம் இருக்கும்ல, அந்த நேரத்துல முதல்ல இதைத்தான் போடுவேன். ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது சும்மா சொன்னா கோவம் வரும், ஆனா இந்த பேஸ்லைன் சொல்லும்போது நம்பிட்டேன்.

இதே காலத்துல பாரிஸ்ல டாஃப்ட் பங்க் இருந்தாங்க, அவங்களும் ரெண்டு பேர்தான், அவங்களையும் எனக்கு ரொம்ப புடிக்கும். ஆனா டாஃப்ட் பங்க் ஆல்பம் பாலிஷ் போட்ட கார் மாதிரி, எந்தப் பக்கம் பாத்தாலும் நம்ம முகம் தெரியும். ரெமடி கூட்டமான பஸ். இடிக்கும், யாரோ கால மிதிப்பாங்க, நாலு பாஷை காதுல விழும். சில பேர் அதை ஒழுங்கில்லாம இருக்குன்னு சொல்றாங்க. எனக்கு அதுல ஒரு நேர்மை தெரியுது. நிறைய 'ஃப்யூஷன்' ஆல்பங்கள்ல எல்லாத்தையும் மிக்ஸியில போட்டு அரைச்சு ஒரே நிறத்துல ஊத்திடுவாங்க, ராக்கா ராக்காவா இருக்காது, ஃபிளமெங்கோ ஃபிளமெங்கோவா இருக்காது. இங்க ஒவ்வொண்ணும் அதோட முரட்டுத்தனத்தை விட்டுக் குடுக்காம பக்கத்து வீட்டுல குடியிருக்குது.

15 டிராக்ல நாலு டிராக் ரொம்ப சின்னது, ஜாக்ஸலூட், ஜாஸலூட், ஸ்னீக்கலூட், ஜெமிலூட்னு பேரு. முன்னாடி இதையெல்லாம் தாண்டிட்டுதான் போவேன். டயல் திருப்பற அந்த இடைவெளிதான் இதுன்னு தோணினப்புறம் தாண்டறதே இல்ல.

அப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடறேன். 2003ல 'கிஷ் காஷ்', ராப் பாடற டிஸ்ஸி ராஸ்கல், பங்க் காலத்துப் பாடகி சூக்ஸி சூன்னு சம்பந்தமே இல்லாத ஆட்களை ஒரே ஆல்பத்துல கொண்டு வந்தாங்க. 2005ல கிராமியில எலக்ட்ரானிக் டான்ஸ் ஆல்பத்துக்குன்னு முதல் முறையா ஒரு விருது வெச்சப்ப அது அந்த ஆல்பத்துக்குதான் போச்சு. 2011ல நெதர்லாந்தோட மெட்ரோபோல் ஆர்கெஸ்ட்ரா இவங்க பாட்டுகளை முழு வாத்தியக் குழுவோட வாசிச்சாங்க, அதையும் ஒரு தடவை தேடிக் கேளுங்க, இரைச்சல்னு நெனைச்ச இடத்துல எவ்ளோ மெலடி ஒளிஞ்சிருந்துச்சுன்னு தெரியும்.

புதுசா கேக்கப் போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் கேக்காதீங்க. அதுல அடி பேஸே வராது, பேஸ் இல்லன்னா இது நிஜமாவே நாலு ரேடியோ சத்தம்தான். ஹெட்ஃபோன் இல்லன்னா கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர், ஷஃபிள் ஆஃப் பண்ணிட்டு 'ராண்டேவூ'லருந்து வரிசையா விடுங்க, கடைசியில 'பீயிங் வித் யூ' வரைக்கும் இருங்க. போன வாரம் அந்தக் கடைசிப் பாட்டு ஓடிட்டிருந்தப்ப அம்மா மறுபடி வாசப்படிக்கு வந்தாங்க, கொஞ்ச நேரம் நின்னாங்க, இந்த தடவை கம்மி பண்ண சொல்லல, "இது யாருடா பாடறது"ன்னு கேட்டாங்க.