பழைய சுரங்க ஊரில் ஒரு கடை

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் ஒரு கடைக் கட்டடம் வாங்க ஐந்து மாதமாக அலைகிறோம். அந்த இடத்துக்கு அருகில் பழைய சுரங்கம் உண்டா என்று சொல்லும் சுரங்க அறிக்கை நேற்று வந்தது. எல்லையிலிருந்து 20 மீட்டருக்குள் பழைய நிலக்கரிக் குழி ஒன்று. வரைபடத்தில் ஒரு சின்னக் குறி, அவ்வளவுதான். அதை எப்படி மூடினார்கள் என்பதற்குப் பதிவே இல்லை. கடன் தர ஒப்புக்கொண்டவர்கள் இன்று காலை பின்வாங்கிவிட்டார்கள். மனசு கனத்துப்போச்சு.

1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட ஊர் இது. இப்போது நகராட்சியே முன்னின்று ஊர் நடுவில் கிளாஸ் வொர்க்ஸ் என்ற கடை வளாகத்தைக் கட்டியிருக்கிறது. அங்கே நடமாட்டத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கும் நம்பிக்கை வந்தது.

விலை குறைவு என்று இறங்குகிற நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். கடைக்கான கடனுக்குப் பெரும்பாலும் கால் பங்காவது கையிலிருந்து போடவேண்டும். 40 சதவீதம் கேட்பவர்களும் உண்டு. வாடகைக்கு இருப்பவர் காலி செய்தால், கடைக் கட்டடங்களுக்கான உள்ளூர் வரிக்கு (பிசினஸ் ரேட்ஸ்) பொதுவாக 3 மாதம்தான் விலக்கு, அப்புறம் உங்கள் தலையில்தான். விற்பவர் அந்தக் கட்டடத்துக்கு வாட் வரி வசூலிக்கத் தேர்வு செய்து வைத்திருந்தால் விலைக்கு மேல் 20 சதவீதம் ஏறலாம். முத்திரை வரியையும் அந்த வாட் சேர்ந்த தொகைக்குத்தான் கணக்கிடுவார்கள். இது எங்களுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் சுரங்க அறிக்கையை வாங்குங்கள், மதிப்பீட்டுக் கட்டணம் கட்டும் முன்பே.

சரி, நாங்கள் இன்னும் விடவில்லை. குழியைத் துளையிட்டுப் பார்க்க ஒரு பொறியாளரிடம் பேசியிருக்கிறோம். இந்த மாதிரி குழிப் பக்கத்து இடத்துக்குக் கடன் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள்.