என் எவ்வளவு, சார்?

"என் எவ்வளவு, சார்?" என்று அந்த மாணவன் திருப்பிக் கேட்டான். என் என்றால் ஆங்கில எழுத்து n: வரிசைப்படுத்த வேண்டியவை எத்தனை என்ற எண்ணிக்கை. "எவ்வளவா இருந்தா என்னப்பா, நேரா பதிலைச் சொல்லு" என்றேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது, அந்த வாக்கியம் இன்னும் என்னை விடவில்லை.

பிராக்டிகல் வைவா. வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்டது சாதாரணக் கேள்விதான்: இன்செர்ஷன் சார்ட்டா, மெர்ஜ் சார்ட்டா, எது வேகம்? இரண்டும் வரிசைப்படுத்தும் வழிகள்; முன்னது ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் செருகும், பின்னது பாதி பாதியாகப் பிரித்து வரிசைப்படுத்திச் சேர்க்கும். மெர்ஜ் என்று சொல்லி, என் கூடக்கூட வேலை எப்படிக் கூடும் என்பதற்கு மெர்ஜுக்கு என் லாக் என், இன்செர்ஷனுக்கு என் ஸ்கொயர் என்று இரண்டையும் ஒப்பித்துவிட்டால் முடிந்தது. இவன் கடைக்கதை ஆரம்பித்தான். அப்பாவுக்கு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. காலையில் விழும் சீட்டுகளை நேர வரிசையில் சிட்டையில் ஏற்ற இவனே ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறான். "முந்நூறு சீட்டு சார். முக்கால்வாசி வரிசையாத்தான் வரும். நாலஞ்சு மட்டும் பிந்தி வரும், அதுவும் ரெண்டு மூணு வரி தள்ளி. இன்செர்ஷனே போதும்."

எக்ஸ்டர்னல் என்னைப் பார்த்தார். 'நேரா பதிலைச் சொல்லு' என்று அந்தப் பார்வைக்குத்தான் நான் பதில் சொன்னேன், பையனுக்கு இல்லை. வெளியே இன்னும் பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் "மெர்ஜ் சார்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முந்நூறு சீட்டும் தாறுமாறாகக் கிடந்தால் இன்செர்ஷனுக்குச் சராசரியாக இருபத்திரண்டாயிரம் ஒப்பீடு ஆகும்; மெர்ஜுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள். ஆனால் அவன் சொன்ன மாதிரி வந்தால் இன்செர்ஷன் முந்நூற்றுச் சொச்சத்தில் முடித்துவிடும். பாடத்தில் இருக்கிற மெர்ஜ், சீட்டெல்லாம் ஏற்கெனவே வரிசையாக இருந்தாலும் ஆயிரத்தைத் தாண்டித்தான் நிற்கும். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 2002இல் டிம் பீட்டர்ஸ் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிக்கு எழுதிய சார்ட்டே, ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைத் தேடிப் பிடிக்கும். சின்னத் துண்டுகளுக்கு இன்செர்ஷனைத்தான் கூப்பிடும். நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதே வாய்தான்.

ஆனாலும் நான் முழுக்கத் தப்பு என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் அந்தக் கடையில் சீட்டு எத்தனை விழும், எந்த வரிசையில் விழும்? அன்றைக்கும் தாங்குமா என்பதற்குத்தானே வொர்ஸ்ட் கேஸ், அதாவது மிக மோசமான நிலைமைக்கான கணக்கு. முதல் வருஷப் பையனுக்கு முதலில் அதைத்தான் சொல்லித்தர வேண்டும். 'அது நிலைமையைப் பொறுத்தது' என்ற பதிலை ஒருத்தனுக்கு அனுமதித்தால், படிக்காமல் வந்தவனும் அதையே சொல்லித் தப்பிப்பான். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் இன்னொன்றும் தோன்றும்: மூவாயிரம் சீட்டே விழட்டும், கம்ப்யூட்டர் கண் சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடும், எந்த சார்ட்டாக இருந்தால்தான் என்ன? அவன் கேட்டது அதுவாகவும் இருக்கலாம். என் என்றால் எனக்குக் கரும்பலகையில் ஓர் எழுத்து. அவனுக்கு அது அப்பா கடைச் சீட்டு.

அவனிடம் பேசியிருக்கலாம். ஒருமுறை காரிடாரில் எதிரே வந்தான். "கடை எப்படிப்பா போகுது?" என்று கேட்டேன். "போகுது சார்" என்றான். அவ்வளவுதான்.

மறு வருஷத்திலிருந்து, யார் எந்த அல்காரிதத்தைப் பற்றிச் சொன்னாலும் "என் எவ்வளவு?" என்று முதலில் கேளுங்கள் என்று வகுப்பில் சொல்லி வருகிறேன். பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. போன மாத இன்டர்னல் தேர்வில் அந்த வைவாக் கேள்வியையே வைத்தேன். ஒரு பெண், 'என் சிறியதாக, ஏறக்குறைய வரிசையாக இருந்தால் இன்செர்ஷன்; இல்லையென்றால் மெர்ஜ்' என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் மெர்ஜ் என்று மட்டும்தான் இருந்தது. அந்தக் குறிப்பைத் தயாரித்ததும் நான்தான்.

ஐந்துக்கு மூன்று போட்டேன்.