மேய்ன் காட்டு மூஸ்: மே மாதத்தில் எதைப் பார்க்க வேண்டும்

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், மான் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கான மூஸை வேட்டையாட அனுமதி குலுக்கலில்தான் கிடைக்கும். குலுக்கல் ஜூனில் நடக்கும். முதல் வேட்டை வாரம் செப்டம்பர் கடைசியில் வரும். பெயர் விழுந்த பிறகு போய்ப் பார்க்கலாம் என்று இருந்தால், அதற்குள் காடு இலைவிட்டு மூடிக்கொள்ளும். அதனால் விண்ணப்பத்தில் முதலாவதாக எழுதும் வேட்டை மாவட்டத்தை மே மாதமே நடந்து பார்த்துவிட வேண்டும். பலரும் அப்படிப் போகிறார்கள், ஆனால் மூஸை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மே மாதத்தில் தேட வேண்டியது போன இலையுதிர்காலம் விட்டுப்போன தடயத்தை.

இந்த மாதத்தில் மூஸைப் பார்ப்பது எளிது. குளிர்காலம் முழுக்கச் சுள்ளியும் ஃபர் என்ற ஊசியிலை மரத்தின் கொழுந்தும் தின்று ஓட்டிய உடம்பு சோடியத்துக்கு ஏங்கும். பனிக்காலத்தில் சாலையில் தூவிய உப்பு கரைந்து ஓரப் பள்ளங்களில் தேங்கியிருப்பதால், அந்தி நேரத்தில் மூஸ்கள் அங்கே வந்து சேற்றுநீரைக் குடிக்கும். ஜூனில் அதே தேவைக்காகக் குளங்களில் இறங்கி நீர்ச்செடி மேயும். செப்டம்பர் கடைசியில் இணைசேரும் பருவம் உச்சத்துக்கு வரும்போது ஆண்மூஸ் தீனியையே ஏறக்குறைய மறந்துவிடும். உப்புப் பள்ளம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. பள்ளத்தை வரைபடத்தில் குறித்துவைத்து அங்கே போய் உட்காருபவர்களுக்கு வேட்டை வாரம் வீணாகும்.

பனி உருகியபின், இலை விரியும்முன், வடக்கு மேய்னில் சுமார் மூன்று வாரம் கிடைக்கும். அந்த நாட்களில் காட்டுக்குள் கண் தூரம் ஓடும். முதலில் மரப்பட்டைகளைப் பாருங்கள். மூஸுக்கு மேல் முன்பற்கள் கிடையாது. செம்மேப்பிள், வரிமேப்பிள் மரங்களின் பட்டையைக் கீழ்ப்பற்களால் கீழிருந்து மேலாகச் சுரண்டித் தின்னும். அந்த மரத்தில் உளியால் இழுத்ததுபோல இணைகோடுகள் இருக்கும். அது குளிர்காலத் தீனியின் அடையாளம், நமக்கு உதவாது. கொம்பு தேய்த்த மரம் வேறு மாதிரி: பட்டை நாராகக் கிழிந்து தொங்கும், பக்கக் கிளைகள் முறிந்திருக்கும், பல் தடம் இராது. மார்புக்கு மேல் உயரத்தில் இப்படித் தேய்த்த மரங்கள் ஒரே வட்டாரத்தில் ஏழெட்டு இருந்தால், போன செப்டம்பரில் அங்கே ஓர் ஆண்மூஸ் தங்கியிருக்கிறது என்று நம்பலாம்.

அடுத்தது குழி. இணைசேரும் பருவத்தில் ஆண் முன்னங்கால்களால் தரையைப் பறித்துச் சிறுநீர் கழிக்கும். அந்தச் சேற்றைத் தாடையிலும் கழுத்துத் தொங்கலிலும் அடித்துக்கொள்ளும். பெண்களும் வாசனைக்கு வந்து அதில் புரளும். மே மாதத்தில் வாசனை போயிருக்கும். சருகு நிரம்பிய, ஆழமில்லாத ஒரு பள்ளம்தான் தெரியும். குச்சியால் சருகை விலக்கினால் வேர் அறுந்த கறுப்பு மண் தெரியும். தேய்த்த மரங்களும் குழியும் சேர்ந்திருக்கும் இடத்தைவிட மதிப்பான புள்ளி வரைபடத்தில் வேறில்லை.

புழுக்கைதான் ஆளை ஏமாற்றுவது. குளிர்காலப் புழுக்கை சுள்ளி நார் நிறைந்து, ஒன்றரை அங்குல நீளம்வரை கெட்டியாக இருப்பதால் மாதக்கணக்கில் கிடக்கும். கோடையில் போடுவது மாட்டுச் சாணிபோல இளகிச் சீக்கிரம் கரைந்துவிடும். ஆகவே மே மாதத்தில் குவியல் குவியலாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் குளிர்காலத்தது. பிரித்தறிய ஒரு வழி உண்டு: சருகுக்கு மேலே கிடந்தால் இலை உதிர்ந்தபின் விழுந்தது, சருகுக்கு அடியில் இருந்தால் அதற்கு முன் விழுந்தது. அங்கே இலை உதிர்வது அக்டோபரில் என்பதால், அடியில் கிடப்பதே நமக்கான செய்தி.

இனி நிழல். கோடை உடலோடு இருக்கும் மூஸ் சுமார் 14 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வெப்பத்தால் தவிக்கத் தொடங்கும். செப்டம்பர் கடைசியில் பகல் வெயில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். மரம் வெட்டி எடுத்து ஐந்து முதல் பதினைந்து ஆண்டு ஆன வெட்டுக்காட்டில் தீனி ஏராளம். ஆனால் அதை ஒட்டி ஈரமான ஸ்ப்ரூஸ் அல்லது ஃபர் ஊசியிலை மர நிழல் இல்லாவிட்டால் பகலில் அங்கே மூஸ் நிற்காது. தேய்த்த மரங்கள் பெரும்பாலும் இந்த இரண்டும் சந்திக்கும் விளிம்பில்தான் அகப்படும்.

மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கம்வரை கன்று ஈனும் காலம். தாய் அதற்குச் சற்று முன்பே போன ஆண்டுக் கன்றை விரட்டிவிடும். தனியாகத் திகைத்து அலையும் ஒரு வயதுக் கன்றைக் கண்டால், தாய் பக்கத்தில் எங்கோ இருக்கிறாள் என்று எண்ணி, வந்த வழியே திரும்பிவிடுங்கள். கன்றோடு இருக்கும் தாய் கரடியைவிட ஆபத்தானவள். காதை மடக்கிப் பிடரிமயிரைச் சிலிர்த்தால் உடனே ஒரு பெரிய மரத்தின் பின்னால் போய்விட வேண்டும். ஈனும் இடத்தை வைத்து இலையுதிர்காலத்தைக் கணிக்கவும் முடியாது. தாய் அதைத் தேர்ந்தது கரடிக்கும், ஓநாய் போன்ற கொயோட்டிக்கும் எட்டாமல் இருக்க.

நடக்கும்போது சாலையையும் அளந்துகொள்ளுங்கள். வளர்ந்த ஆண் 400 கிலோவைத் தொடும். எலும்போடு பின்தொடை ஒன்றே 40 கிலோவுக்குக் குறையாது. சூடான நாளில் தோலுரித்துக் குளிரவைக்கத் தாமதமானால், இடுப்பு எலும்பை ஒட்டிய இறைச்சிதான் முதலில் கெடும். மரலாரிச் சாலைகள் உருகுகாலச் சேற்றில் ஏப்ரலிலும் மே முற்பகுதியிலும் பல இடங்களில் மூடியிருக்கும். அப்போது வண்டி ஏற்றிச் சாலையைக் கெடுக்க வேண்டாம். திறந்தபின் எந்தக் குழாய்ப்பாலம் அடித்துப் போயிருக்கிறது, டிரெய்லரை எங்கே திருப்பலாம் என்று குறித்து, ஒவ்வொரு தேய்த்த மரக் கூட்டத்துக்கும் பக்கத்தில் சாலைவரை எத்தனை மீட்டர் என்றும் எழுதிவையுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் சதுப்பும் இருந்தால், எவ்வளவு நல்ல இடமானாலும் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.