அரை கிரவுண்டில் ஒரு முற்றம்

திருவொற்றியூர் தேரடியிலிருந்து மேற்கே பத்து நிமிடம் நடந்தால் எங்கள் தெரு. மனை அரை கிரவுண்ட். கிழக்குப் பார்த்த 20 அடி முகப்பு, 60 அடி நீளம். அதில் தாத்தா கட்டிய வீடு இருந்தது. அவர் கட்டியபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏற வேண்டும். ரோடு போடப் போடத் தெரு உயர்ந்து, கடைசியில் ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போனோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முழங்கால் அளவுத் தண்ணீர் மூன்று நாள் உள்ளே நின்றது. சரி, இடித்துக் கட்டிவிடலாம் என்று முடிவாயிற்று.

அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: முற்றம் வேண்டும். காசிமேட்டிலிருந்து மீன் வாங்கி வந்தால் ஆய்வது, தலை குளித்துவிட்டு முடி காயவைப்பது, பேப்பர் படிப்பது எல்லாமே அவருக்கு முற்றத்தில்தான். மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. "அந்த இடத்துல ஒரு ரூம் போட்டா மாசம் வாடகை வரும், வானத்தைப் பாத்துட்டு உக்காரப் போறீங்களா?" என்றார். வடசென்னையில் கால் காணி வைத்திருப்பவர்கூட இப்படித்தான் கேட்பார், தப்பில்லை.

பொறியாளர் இளைஞர். வீட்டையும் வெளியையும் இணைப்பது என்றதும் செல்போனில் படம் படமாகக் காட்டினார். சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு, அதைத் தள்ளினால் மரப்பலகை போட்ட தளம், அதற்கப்பால் புல்வெளி. அழகுதான். எங்கள் வீட்டில் கதவைத் தள்ளினால் எதிர்வீட்டு மோட்டார் பம்பு. பக்கவாட்டில் தள்ளினால் பக்கத்து வீட்டுச் சுவர். எங்களுக்கு வெளி என்று இருப்பது தலைக்கு மேலே மட்டும்தான், அதனால் வீட்டுக்கு நடுவில் ஓட்டை போடுங்கள் என்றேன்.

எங்கே, எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்குப் பழைய வீடு இருக்கும்போதே ஒரு வேலை செய்தேன். 2024 மே மாதம் ஒரு வாரம் மொட்டை மாடியில் ஊதுபத்தி கொளுத்திவைத்துப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். அக்கம்பக்கத்தில் ஏதோ பரிகாரம் என்று நினைத்தார்கள். மதியம் ஒரு மணி வாக்கில் கிழக்கிலிருந்து கடல்காற்று. ராத்திரி பத்து மணிக்கு மேல் காற்று திரும்பி மேற்கிலிருந்து மெதுவாக வரும். எங்களுக்கு மேற்கே மணலி. அங்கிருக்கும் ஆலைகளின் வாடை அந்தக் காற்றோடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், ஆனால் வீட்டு வரைபடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அதுவரை யோசித்ததில்லை.

அதை வைத்துத்தான் எல்லாமே அமைந்தது. முன்வாசலும் முற்றமும் சமையலறையும் ஒரே கோட்டில். பகலில் கிழக்கிலிருந்து வரும் காற்று முற்றத்தைத் தாண்டிப் பின்பக்கம் போகும். மேற்குச் சுவரில் வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை மூட முடியாது. அதற்குப் பதிலாக இடைவெளியில்லாமல் சாத்தும் மரக்கதவு போட்ட ஜன்னல். அந்த மூன்று ஜன்னலுக்கும் தச்சரிடம் பேரம் பேசவே இல்லை.

அனுமதி விஷயம் பயந்த அளவுக்கு இல்லை. 2024 ஜூலையில் அரசு சுய சான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஆன்லைனில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி அனுமதி எடுக்கலாம். வரைபடத்தில் உள்ளபடிதான் கட்டுவோம் என்ற பொறுப்பு நம் தலையில். அதனால் திண்ணையை முன்னால் விட வேண்டிய காலியிடத்தில் வைக்காமல், வீட்டு அளவுக்குள்ளேயே உள்ளிழுத்துக் கட்டினோம். ஹாலில் மூன்றரை அடி குறைந்தது.

திண்ணையில் இன்னொரு சிக்கல். வெள்ளத்துக்குப் பயந்து தரைமட்டத்தைத் தெருவிலிருந்து மூன்றடி உயர்த்தியிருந்தோம். அந்த உயரத்துக்கு மேல் திண்ணை கட்டினால் தெருவில் போகிறவருக்கு அது மேடை, உட்காரும் இடமல்ல. மேஸ்திரிதான் வழி சொன்னார். படிக்கட்டையே ஒரு பக்கம் அகலமாக்கி, ஒன்றரை அடி உயரத்தில் கடப்பா கல் போட்டு முதல் திண்ணை. மேலே வாசலையொட்டி இரண்டாவது. கீழே இருப்பதில் பால்காரரும் பூக்கார அக்காவும் உட்காருவார்கள், மேலே சொந்தக்காரர்கள். யாரும் எழுதிவைக்கவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது.

முற்றம் ஏழுக்கு எட்டடி. சுற்றியுள்ள தரையைவிட ஆறு அங்குலம் கீழே, சொரசொரப்பான கல். கல் பதிக்கும் முன் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி வாட்டம் பார்த்தேன். இரண்டு மூலையில் தேங்கியது, திரும்பப் பூசச் சொன்னேன். கட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்தப் பக்கெட்டை மறக்காதீர்கள்.

நான் ஏமாந்தது மேலே. மழை, காக்கா, திருடன் மூன்றுக்குமாகச் சேர்த்துக் கம்பி கிரில் போட்டு, அதன்மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிடலாம் என்றார் ஒப்பந்தக்காரர். தலையாட்டினேன். 2025 ஏப்ரலில் குடிபோனோம். சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருடத்தில் இரண்டு முறை வரும், ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை. நாங்கள் சரியாக முதலாவதில் போய் மாட்டினோம். மதியம் ஷீட்டுக்கடியில் சூடு அடைந்துகொண்டு முற்றம் இட்லிப் பானை மாதிரி ஆனது. அம்மா எதுவும் சொல்லாமல் நாற்காலியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஷீட்டைக் கழற்றி, ஒன்றரை அடி உயரத்தில் தூக்கி மாட்டினோம். நாலு பக்கமும் திறப்பு, அதில் கொசுவலை. பக்கிங்காம் கால்வாய் பக்கத்தில் இருக்கும்போது வலையில்லாமல் முற்றம் வைத்தால் முற்றம் கொசுவுக்குத்தான். சூடு மேலே ஏறி வெளியே போனது, கீழே காற்று இழுத்தது. ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும் என்பதால் வடக்கு, கிழக்கு இரண்டு பக்கமும் ஷீட்டை இரண்டடி நீட்டினோம். கிரில்லும் கடல் உப்பில் ஆறே மாதத்தில் துருப்பிடித்தது. சுரண்டி எபாக்சி பிரைமர் அடித்திருக்கிறோம். முதலிலேயே துத்தநாகம் பூசிக் கால்வனைஸ் செய்த கம்பியாகப் போட்டிருக்க வேண்டும். கீல்கள் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதிலும் டீக்கறை மாதிரிப் புள்ளி வந்துவிட்டது. கடலோரத்துக்கு உப்பை இன்னும் தாங்கும் 316 ரகம்தான்.

அக்டோபரில் முதல் பெருமழை பெய்த ராத்திரி இன்னொரு கூத்து. முற்றத்து வடிகால் குழாயைப் பிளம்பர் கழிவுநீர்த் தொட்டியோடு சேர்த்திருக்கிறார். தெருவில் பாதாளச் சாக்கடை நிரம்பினதும் அது நேராக எங்கள் முற்றத்துக்கு வந்தது. மூன்று மணிவரை துடைத்தோம். மறுவாரம் தரையை உடைத்து, அந்தக் குழாயைத் தனியாகப் பிரித்து மழைநீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனோம். கழிவுநீர் லைனில் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றும் போட்டோம். மீன் ஆய்ந்த தண்ணீர் மழைத்தொட்டிக்குப் போகக் கூடாதல்லவா, அதனால் குழாயடியில் மட்டும் சின்னத் தொட்டி கட்டி அதைச் சாக்கடை லைனில் விட்டோம்.

முற்றத்தில் வைத்த துளசி தேறவில்லை. உச்சி வெயில் இரண்டு மணி நேரம் அதற்குப் போதவில்லை. மாடிக்குப் போய்விட்டது. மணி பிளான்ட் மட்டும் யாரும் கவனிக்காமலேயே வளர்கிறது. வலையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவினால் வரும் தண்ணீர் கறுப்பாக இருக்கிறது, அதைப் பார்த்தபின் அம்மா மாடியில் வடாம் காயவைத்தால் மேலே வேட்டி போடாமல் விடுவதில்லை.

மாமா இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் முற்றத்து ஓரத்தில்தான் பாய் போடுகிறார். வாடகைப் பேச்சு இல்லை. ராத்திரி பத்தரை மணிக்கு அம்மா உள்ளேயிருந்து "மணலி வந்துடுச்சு, சாத்துடா" என்பார், நான் போய் மேற்கு ஜன்னல்களைச் சாத்துவேன்.

போன மாதம் கொருக்குப்பேட்டை மச்சான் வீடு கட்டப்போவதாக வரைபடத்தைக் கேட்டார். அவர் மனை மேற்குப் பார்த்தது. வரைபடம் தரவில்லை. ஒரு கட்டு ஊதுபத்தி வாங்கிக் கொடுத்து, ஒரு வாரம் மாடியில் படுத்துப் பாருங்கள் என்று அனுப்பினேன்.