பச்சை மூடி

நவம்பர் 6, புதன்

கிடார் சத்தத்தைப் பெருக்கும் என் ஆம்ப்பைச் சித்தப்பாவின் மைக் செட் பெட்டியில் இன்றும் மாட்டிப் பார்த்தேன். சுத்தமாக வாசித்தால் பரவாயில்லை. கரகரப்புக்கான டிஸ்டார்ஷன் ஏற்றியதும் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இரைகிறது. காரணம் மேலே இருக்கும் ஹார்ன். பேச்சும் பாட்டும் தெருமுனை வரை தெளிவாகப் போக வேண்டும் என்று செய்த பெட்டி, கீச்சுக் குரலையெல்லாம் ஒன்று விடாமல் வெளியே தள்ளுகிறது. கிடார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸ் தாண்டினால் கையை விரித்துவிடும். நமக்கு வேண்டியது அந்தக் கையாலாகாத்தனம்தான்.

ஹார்னைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். "கடைமுழுக்குக்கு வாடகை பேசியாச்சு, கை வச்சே பாரு" என்றார். ஐப்பசிக் கடைசி நாள் காவிரி நீராடல், ஊரே கூடும்.

நவம்பர் 7, வியாழன்

அக்காவுக்கு நிறைமாதம், கால் வீக்கம். உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். கருவாடு எனக்கும் சேர்த்து நின்றது.

நவம்பர் 9, சனி

அத்தான் சிங்கப்பூரிலிருந்து பேசினார். 23-ஆம் தேதி திருச்சிக்கு டிக்கெட். அக்காவிடம் அரை மணி நேரம், என்னிடம் ஸ்பீக்கர் பற்றி அரை நிமிடம். "என்ன மாடல்னு எழுதி அனுப்புடா, கடையில காட்டி வாங்கிக்கிறேன்."

இரவு இரண்டு மணி வரை தூக்கம் இல்லை.

செலஸ்டியன் கம்பெனியின் கிரீன்பேக் ஸ்பீக்கர் என்றுதான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காந்தத்தின் மேல் பச்சை பிளாஸ்டிக் மூடி, அதனால் அந்தப் பெயர். 25 வாட்தான். அறுபதுகளில் லண்டனில் மார்ஷல் கம்பெனியின் ஸ்பீக்கர் பெட்டிக்குள் நான்கு நான்காகப் போட்டு, நூறு வாட் ஆம்ப்பை அதன் தலையில் ஏற்றிவைத்தார்கள். நான்கு இருபத்தைந்து நூறு. மிச்சமே வைக்காத கணக்கு. தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் போகும்போது காகிதக் கோன் தானே கொஞ்சம் நெளிந்து கரகரக்கும். நாம் 'அந்தக் காலத்து ராக் சத்தம்' என்பதில் ஒரு பங்கு ஆம்ப்பினுடையது. இன்னொரு பங்கு இந்த நெளிசல்.

அதே கம்பெனியின் வின்டேஜ் 30 பற்றி யோசிக்காமல் இல்லை. பெயரில்தான் வின்டேஜ், ஆள் எண்பதுகளில் பிறந்தவர். பெரிய காந்தம், 60 வாட். என் ஆம்ப் இரண்டு இ.எல்.84 வால்வு போட்ட 15 வாட் பொடியன். அதற்கு அறுபது வாட் ஸ்பீக்கர் அசைந்து கொடுக்குமா? மேல் மிட்ரேஞ்சில் ஒரு குத்தலும் உண்டு. மேடையில் டிரம்ஸுக்கு நடுவே அது தேவைப்படும். நமக்கு எதற்கு? பத்துக்குப் பத்து அறை, அடுத்த அறையில் அக்கா.

அல்னிக்கோ காந்தம் வைத்த அவர்களுடைய நீல நிற ஸ்பீக்கர்தான் உண்மையான ஆசை. வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பின் மணியோசை. ஆனால் அது 15 வாட்தான் தாங்கும். 15 வாட் வால்வு ஆம்ப்பை முழுக்கத் திருகினால் வெளியே வருவது பதினைந்தோடு நிற்காது. விலையும் கிரீன்பேக்கைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகினால் அத்தான் முகத்தில் எப்படி முழிப்பது?

நவம்பர் 10, ஞாயிறு

கிரீன்பேக்.

நவம்பர் 11, திங்கள்

ஆசாரி வந்தார். பெட்டிக்கு 18 மில்லி மரைன் பிளைவுட். இந்த ஊர் ஈரத்துக்கு வேறு எதுவும் தாங்காது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. மற்ற எதிலும் இல்லை.

"வீணைக்கே பலாதான் தம்பி. பலாவுல செய்வோம், நாதம் நிக்கும்" என்றார். வீணைக்குடம் பாட வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி பாடக் கூடாது, பேசாமல் இருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். முழுக்கச் சரியும் இல்லை. பழைய அமெரிக்கப் பெட்டிகள் பைன் பலகையில் செய்தவை, அவை கொஞ்சம் பாடத்தான் செய்யும். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பலாவில்தான் போய் முடியும்.

அப்புறம் ஆணியில் நூலைக் கட்டி, பென்சிலை மாட்டி, முன்பலகையில் வட்டம் போட ஆரம்பித்தார். அழகான வட்டம். எத்தனை அங்குலம் என்றேன். "பன்னெண்டு இஞ்ச் ஸ்பீக்கருக்குப் பன்னெண்டு இஞ்ச் ஓட்டை." ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பன்னிரண்டு என்பது ஸ்பீக்கரின் வெளி விளிம்பு. ஓட்டை 283 மில்லி. இல்லையென்றால் திருகு பிடிக்க மரமே இருக்காது, ஸ்பீக்கர் அப்படியே உள்ளே விழும். "முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று கோபித்துக்கொண்டார். நியாயம்தான்.

பின்பக்கத்தைப் பாதி திறந்து வைக்கச் சொன்னேன். மூடினால் அடிச்சத்தம் திடமாக முன்னால் வரும். திறந்தால் அறை முழுக்கப் பரவும். "எலி போகும் தம்பி" என்றார். நான் யோசிக்காதது.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. கரண்ட் இல்லை. ஆம்ப் வெறும் இரும்பு.

நவம்பர் 14, வியாழன்

அம்மா இன்று சத்தம் போட்டார். "புள்ளத்தாச்சி இருக்கற வீட்டுல இடி இடிக்கற மாதிரி எதையும் கொண்டாந்து வைக்காதே." இன்னும் ஸ்பீக்கரே வரவில்லை. பெட்டியைப் பார்த்ததற்கே இந்தப் பேச்சு.

ஒரே அளவு வாட் கொடுத்தால் வின்டேஜ் 30-க்கு 100 டெசிபல் சத்தம், கிரீன்பேக்குக்கு 98. இரண்டு டெசிபல் குறைவு என்பது 15 வாட் ஆம்ப்பை ஒன்பதரை வாட்டாக்கியதற்குச் சமம் என்று விளக்கினேன். அம்மா காதுக்கு ஒன்பதரையும் பதினைந்தும் ஒன்றுதான். உண்மையில் என் காதுக்கும் அதிக வித்தியாசம் தெரியாது. வாட் பாதியானால் சத்தம் பாதியாவதில்லை.

அக்கா கட்டிலில் இருந்தபடி, "வாசிடா, நீ வாசிச்சா உள்ள உதைக்குது" என்றாள். பிடிக்காமல் உதைக்கிறதோ என்னவோ.

நவம்பர் 15, வெள்ளி

கடைமுழுக்கு. துலாக்கட்டத்தில் தலைகளாகத் தெரிந்தது. சித்தப்பாவுக்கு ஆள் போதவில்லை என்று என்னையும் இழுத்துப் போனார். காலையிலிருந்து குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்று, காணாமல் போன குழந்தைகளின் சட்டை நிறத்தை மைக்கில் சொன்னேன். குழாயில் வரும் குரலுக்கு அடியும் இல்லை, நுனியும் இல்லை, வெறும் நடுப்பகுதி. ஆனாலும் இவ்வளவு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. கிடாரும் நடுப்பகுதிதான். தடித்த ஈ (E) கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது, கிரீன்பேக் 75-இல். சரியாக அளவெடுத்துத் தைத்த சட்டை.

நவம்பர் 17, ஞாயிறு

8 ஓமா, 16 ஓமா? ஸ்பீக்கரின் மின்தடை அளவும் ஆம்ப்பின் துளையில் எழுதியிருக்கும் அளவும் பொருந்த வேண்டும். என் ஆம்ப்பின் பின்னால் 4, 8 என்று இரண்டு துளைகள்தான். 16 இல்லை. புதுச்சேரி நண்பன் கையால் செய்தது, டிரான்ஸ்பார்மரில் அவ்வளவுதான். ஆகவே 8. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

அத்தானுக்கு எழுதி அனுப்பினேன். மாடல் பெயர், வாட், பழைய மார்ஷல் பெட்டிகளில் ஏன் 16 ஓம் ஸ்பீக்கர் போட்டார்கள் (இரண்டிரண்டாக சீரிஸில் கட்டி, அந்த இரண்டு ஜோடியைப் பேரலலில் சேர்த்தால் மொத்தமும் திரும்ப 16 வரும்), நமக்கு அது ஏன் வேண்டாம், எல்லாம் தெளிவாக. இரண்டு நீல டிக் வந்தது. ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

நவம்பர் 19, செவ்வாய்

வாங்கிவிட்டாராம்! அட்டைப்பெட்டியோடு நாலு கிலோ. அதற்காக ஒரு டப்பா பால் பவுடரைக் குறைத்தார் என்று அக்கா இரண்டு முறை சொன்னாள்.

நவம்பர் 20, புதன்

பெட்டி வந்தது. ஆசாரி பின்பக்கத் திறப்பில் கோழிவலை அடித்திருக்கிறார். எலிக்கு. கேட்காமலே.

நவம்பர் 22, வெள்ளி

விடியற்காலை மூன்று மணிக்கு வலி. ஆட்டோ கிடைக்கவில்லை. சித்தப்பாவின் மைக் செட் வேனில், ஒயர்ச் சுருளுக்கு நடுவே மெத்தை போட்டு அக்காவைக் கொண்டுபோனோம். பெண் குழந்தை, 11.40-க்கு. 2.9 கிலோ. அக்கா நன்றாக இருக்கிறாள்.

எதுவும் எழுத வரவில்லை. கை இன்னும் நடுங்குகிறது.

நவம்பர் 23, சனி

அத்தான் திருச்சியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு நாளில் தவறவிட்டதற்காகச் சுவரைப் பார்த்து அழுதார். ஸ்பீக்கரை வராந்தா பெஞ்சுக்கு அடியில் வைத்திருக்கிறார். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். ரொம்ப நேரம் இருந்தேன்.

நவம்பர் 25, திங்கள்

அக்காவும் குழந்தையும் வீட்டுக்கு வந்தாயிற்று. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அட்டையைப் பிரித்தேன். பச்சை மூடி. கோனில் விரலை வைத்து லேசாக அழுத்தினால் ஈரம் படாத புது நோட்டுப் புத்தக வாசனை.

ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டு பிளஸ் மைனஸ் பார்த்தேன். டப் என்று கோன் முன்னால் வந்தது. சரி. மீட்டரை வைத்தேன். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறரைக்குப் பக்கத்தில் காட்டும்.

12.8 காட்டியது.

முனையை மாற்றி வைத்தேன். 12.8. மீட்டருக்குப் புது பேட்டரி போட்டேன். 12.8. அப்புறம்தான் காந்தத்தின் மேல் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தேன். 16.

நவம்பர் 26, செவ்வாய்

பள்ளிகளுக்கு விடுமுறை. தெருவில் கணுக்கால் தண்ணீர், மழை விடவில்லை.

17-ஆம் தேதி அனுப்பியதை எடுத்துப் படித்தேன். 16 என்ற எண் நாலு இடத்தில் வருகிறது. 8 ஒரே இடத்தில், கடைசி வரியில். கடைக்காரர் மேல் தப்பில்லை, அத்தான் மேலும் இல்லை. அத்தானிடம் சொல்லவில்லை. இடது கையில் குழந்தையை ஏந்திக்கொண்டு வலது கையால் கொசு விரட்டிக்கொண்டிருக்கிறார். "சத்தம் எப்படிடா இருக்கு?" என்று கேட்டார். குழந்தை தூங்கட்டும் அத்தான் என்றேன்.

8-இல் 16-ஐ மாட்டினால் ஒன்றும் ஆகாது என்று நண்பன் சொல்கிறான். அவன் செய்த ஆம்ப், அவன் அப்படித்தான் சொல்வான்.

நவம்பர் 27, புதன்

இரண்டு 16-ஐப் பேரலலில் போட்டால் 8.

ஆசாரிக்குப் போன் செய்தேன். மழை விட்டதும் வருகிறாராம். "இன்னொரு ஓட்டைக்கு அந்தப் பலகையில எடமில்லை தம்பி. அப்பவே பலாவுல பெருசா செய்வோம்னு சொன்னேன்ல?"